ஹாலந்து இருந்தவர்களும் இல்லாதவர்களும்

ஃபேன்டஸி கால்பந்து லீக்கில் முதல் ஐந்தாறு வாரப் பட்டியலை வைத்து யாரையும் மதிப்பிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அதே ஐந்தாறு வாரங்களில்தான் ஒரு மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். யார் பொறுப்பார், யார் பதறுவார், யார் காரணத்தோடு மாறுவார், யார் நேற்றைய ஸ்கோரைப் பார்த்து மாறுவார் என்று எல்லாமே வெளியே வந்துவிடும். 2024–25 சீசனின் தொடக்க வாரங்கள் எங்கள் லீக்கில் இதை எனக்குத் தெளிவாகக் காட்டின. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நம் ஊரில் ஃபேன்டஸி என்றதும் பணம் கட்டி ஆடும் கிரிக்கெட் ஆட்டங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வகைப் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நான் சொல்வது இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கே நடத்தும் இலவச ஆட்டம். ஒரு மேட்சோடு முடிவதில்லை, ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடும். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் (ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது) இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி போய்விடும். கேப்டனாக வைக்கும் ஆளின் புள்ளி இரட்டிப்பாகும். நிஜ மேட்சில் முன்வரிசைக்காரர் கோல் அடித்தால் 4 புள்ளி, நடுக்களத்தவர் அடித்தால் 5, தடுப்பாட்டக்காரர் அடித்தால் 6. கோல் அடிக்க உதவினால், அதாவது அசிஸ்டுக்கு, 3. தடுப்பாட்டக்காரரின் அணி கோல் வாங்காமல் தப்பினால், அதாவது கிளீன் ஷீட் கிடைத்தால், 4. வாரத்தின் முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கதவை மூடிவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் நமக்கு அது மதியம் மூன்றரை மணி.

எங்கள் லீக்கில் பத்துப் பேர். கோவையில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது சென்னை, பெங்களூரு, ஈரோடு, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கிறோம். பேரைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, அதனால் ஊரையும் குணத்தையும் சொல்லியே எழுதுகிறேன். ஒருவன் சென்னையில் வங்கி அதிகாரி, எக்செல் இல்லாமல் தேநீர்கூட வாங்க மாட்டான். ஒருவன் பெங்களூருவில், பிறவி ஆர்சனல் ரசிகன். ஒருவன் சிங்கப்பூரில், எதையும் எதிர்த்திசையில் யோசிப்பவன். ஈரோட்டில் ஒரு தோழி, அரசு மருத்துவமனையில் டாக்டர். மற்றவர்களும் நன்றாக ஆடுகிறவர்கள்தான், ஆனால் அந்த ஆண்டின் கதை இந்த நால்வரைச் சுற்றித்தான் நடந்தது.

சீசன் தொடங்கும் முன்பே ஒரு பெரிய கேள்வி எல்லோர் முன்னாலும் நின்றது. ஹாலந்தை வாங்குவதா, வேண்டாமா? மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலந்துக்கு அந்த ஆண்டு விலை 15 மில்லியன். அதுவரை இந்த ஆட்டத்தில் யாருக்கும் வைக்காத விலை. லிவர்பூலின் முகமது சலா 12.5, செல்சியின் பால்மர் 10.5, ஆர்சனலின் புகாயோ சாகா 10. ஹாலந்தை வாங்கினால் மற்ற இடங்களில் வயிற்றைக் கட்ட வேண்டும். வாங்காவிட்டால் அவர் ஹாட்ரிக் (ஒரே மேட்சில் மூன்று கோல்) அடிக்கும் ஒவ்வொரு வாரமும் நெஞ்சு படபடக்கும்.

பத்தில் ஒன்பது பேர் வாங்கினோம். சிங்கப்பூர்க்காரன் மட்டும் வாங்கவில்லை. அவன் சொன்ன காரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "மச்சான், பதினஞ்சு மில்லியனை ஒருத்தன் தலையில கட்டுனா, அவன் சும்மா இருக்கிற வாரம் மொத்த டீமும் சும்மா இருக்கும். எனக்கு சலா, பால்மர், சாகா மூணு பேரும் வேணும்." கணக்குப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாத வாதம். நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். கேப்டன் பட்டையை வாரத்துக்கு ஒருமுறை யோசித்து யோசித்து மாற்றுவதைவிட, வீட்டு மேட்சுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஹாலந்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இன்னும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வாரம் பெரிதாக யாரையும் பிரிக்கவில்லை. ஹாலந்து செல்சி மைதானத்தில் ஒரு கோல் அடித்தார். சலா இப்ஸ்விச்சில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். அந்த வாரத்தில் மறக்க முடியாதது எபரெச்சி எஸேக்கு நடந்ததுதான். கிரிஸ்டல் பேலஸ்காரரான அவர் பிரென்ட்ஃபர்ட் மைதானத்தில் பக்கவாட்டிலிருந்து அடித்த ஃப்ரீகிக் நேராக வலைக்குள் போனது. பந்து கோட்டைத் தாண்டும் முன்பே நடுவர் வேறொரு ஃபவுலுக்கு விசிலடித்துவிட்டதால் அது கோலாகவில்லை. விசில் அடித்துவிட்டால் வி.ஏ.ஆர். எனும் வீடியோ நடுவர் பார்க்கவும் வழியில்லை. 7 மில்லியனுக்கு எஸே நல்ல மலிவு என்று எங்களில் நான்கைந்து பேர் எடுத்திருந்தோம். ஐந்து புள்ளியும், மேட்சில் சிறப்பாக ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கும் போனஸும் ஒரு விசிலில் போயின. எஸேயை எடுத்தது தப்பா? இல்லை. அடித்தது தப்பா? அதுவும் இல்லை. ஆனால் பட்டியலில் அது வெறும் பூஜ்யமாகத்தான் தெரியும். பட்டியலுக்குக் காரணம் தெரியாது.

இரண்டாம் வாரம், ஆகஸ்ட் 24. சிட்டி தன் மைதானத்தில் இப்ஸ்விச்சைச் சந்தித்தது. ஏழாவது நிமிடமே இப்ஸ்விச் கோல் போட்டுவிட்டது. எங்கள் அரட்டைக் குழுவில் சிங்கப்பூர்க்காரனின் மகிழ்ச்சி ஐந்தே நிமிடம்தான் நீடித்தது. ஹாலந்து 12-இல் பெனால்டி, 16-இல் இன்னொன்று, 88-இல் மூன்றாவது. கோலுக்கு 12, ஆடியதற்கு 2, போனஸ் 3, ஆக 17. கேப்டன் பட்டையோடு 34. ஒன்பது பேருக்கு ஒரே ஆளிடமிருந்து 34.

மறுநாள் வூல்வ்ஸ் மைதானத்தில் செல்சி 6–2 ஜெயித்தது. பால்மர் ஒரு கோல் அடித்து, மூன்று கோல்களுக்கு உதவினார். அந்த மூன்றையும் அடித்தவர் நோனி மடுயேகே, நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். பால்மரால் சிங்கப்பூர்க்காரன் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சுவிட்டான். அதே வாரம் ஆஸ்டன் வில்லா–ஆர்சனல் மேட்சில் எங்கள் லீக்கின் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதினார்கள். வங்கிக்காரனிடம் வில்லாவின் ஒல்லி வாட்கின்ஸ், ஆர்சனல் ரசிகனிடம் கோல்கீப்பர் டேவிட் ராயா. கோலின்றி இருந்தபோது வாட்கின்ஸ் தலையால் முட்டிய பந்தை ராயா தரையில் விழுந்து கிடந்த இடத்திலிருந்து எழும்பித் தடுத்தார். வலை திறந்து கிடந்தது. அந்தத் தடுப்பை நான் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உடம்பு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, கை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆர்சனல் 2–0. ஒரே அசைவில் ஒருவனுக்குக் கிளீன் ஷீட், இன்னொருவனுக்குக் கோல் இழப்பு. நண்பர்களோடு ஆடும் லீக்கின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிற ஆட்டத்தில், அந்தக் கை யாரிடமிருந்து பிடுங்கி யாரிடம் கொடுத்தது என்று எனக்குப் பெயரோடு தெரியும்.

மூன்றாம் வாரத்து சனிக்கிழமை, ஆகஸ்ட் 31. அந்த ஒரு நாளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு ஆர்சனல்–பிரைட்டன். ஆர்சனல் ரசிகன் ராயாவோடு தடுப்பாட்டக்காரர் கேப்ரியலையும் வைத்திருந்தான். காய் ஹாவர்ட்ஸ் கோல் அடித்து 1–0. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் டெக்லன் ரைஸ் பந்தை லேசாகத் தட்டிவிட்டார் என்று நடுவர் இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டினார். பத்துப் பேரோடு ஆடிய ஆர்சனலுக்கு எதிராக ஜோவா பெட்ரோ சமன் செய்தார். இரண்டு கிளீன் ஷீட், எட்டுப் புள்ளி, அரை மணி நேரத்தில் கரைந்தது. பெங்களூருவிலிருந்து குரல்செய்தியாகவே வந்துகொண்டிருந்தது. எழுதும் நிலையில் அவன் இல்லை.

ஏழரை மணிக்கு எவர்ட்டன்–போர்ன்மத். இதை யாரும் டிவியில் பார்க்கவில்லை, ஸ்கோர் மட்டும்தான். ஈரோட்டு டாக்டரிடம் எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபர்ட் இருந்தார். அவள் நைட் டியூட்டி, போன் கையில் இல்லை. எவர்ட்டன் 2–0 முன்னால். எண்பத்தைந்து நிமிடம் வரை பிக்ஃபர்ட் பெயருக்கு எதிரே கிளீன் ஷீட் பச்சையாக நின்றது. 87-இல் ஒரு கோல். சரி, கிளீன் ஷீட் போச்சு, ஜெயித்தாவது விடுவார்கள் என்று ஒருவன் எழுதினான். கூடுதல் நேரத்தில் இரண்டாவது. அதே கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் மூன்றாவது. 2–3. கோல்கீப்பருக்கு இரண்டு கோலுக்கு ஒரு புள்ளி கழியும் என்பதால் அதுவும் போனது. டாக்டர் விடியற்காலையில் போனைப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதியிருந்தாள்: "இது எப்படிடா நடந்துச்சு?" அதற்கு முந்தைய நூற்றுச் சொச்சம் செய்திகளையும் படித்தால்தான் விடை தெரியும்.

இரவு பத்து மணிக்கு வெஸ்ட் ஹாம்–சிட்டி. ஹாலந்து 10, 30, 83. தொடர்ந்து இரண்டாவது ஹாட்ரிக். மறுபடியும் 17, மறுபடியும் இரட்டிப்பு. குழுவில் பத்து நிமிடம் பட்டாசு வெடித்தது. அது அடங்கியதும் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்தோம்: சிங்கப்பூர்க்காரன் எங்கே? அவன் கேப்டன் பட்டையைப் பால்மருக்குக் கொடுத்திருந்தான். சொந்த மைதானம், எதிரணி கிரிஸ்டல் பேலஸ், நல்ல தேர்வு. ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்ச் 1–1-இல் முடிந்தது, பால்மருக்கு ஒரு அசிஸ்ட். அன்றிரவே மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டு மைதானத்தில் லிவர்பூல் 3–0, சலாவுக்கு ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். சலா அவனிடம் இருந்தார், ஆனால் கேப்டனாக இல்லை. பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனான். அவனுக்கு மேலே இருந்தவனுக்கும் அவனுக்கும் இடையில் பெரிய பள்ளம்.

எல்லோரும் அவனுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தோம். நானும்தான். வைல்டுகார்டை எடு, டீமைப் பிரித்துப்போடு, ஹாலந்தைக் கொண்டு வா. வைல்டுகார்டு என்பது ஒரே வாரத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றும் உரிமை, சீசனுக்கு இரண்டு முறைதான் உண்டு. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒன்று சொன்னான். "நான் டீம் எடுத்தப்ப இருந்த காரணம் எதுவும் மாறலடா. அவன் நல்லா ஆடுவான்னு எனக்கு அப்பவே தெரியும். முப்பத்தெட்டு வாரம் இதே மாதிரி ஆடுவானான்னுதான் நான் சந்தேகப்பட்டேன். இன்னும் முப்பத்தஞ்சு வாரம் இருக்கு."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவன் சொன்னதோடு நான் உடன்படவில்லை, என் டீமில் ஹாலந்து அப்படியேதான் இருந்தார். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது தன் காரணத்தை இத்தனை தெளிவாகச் சொல்ல முடிந்தவன் நன்றாக ஆடுகிறவன் என்றே நான் சொல்வேன், பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும்.

மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவே நாடுகளுக்கு இடையிலான மேட்சுகளுக்காக இரண்டு வாரம் லீக் நிற்கும். ஃபேன்டஸி ஆடுகிறவர்களுக்கு இதைவிட ஆபத்தான காலம் கிடையாது. மேட்ச் இல்லை, ஆனால் விலை தினமும் மாறுகிறது. எந்த ஆட்டக்காரரை நிறையப் பேர் வாங்குகிறார்களோ அவர் விலை 0.1 மில்லியன் ஏறும், விற்கிறார்களோ இறங்கும். மாற்றம் நமக்கு விடியும் நேரத்தில் வரும். காலையில் கண் விழித்ததும், நேற்றிரவு ஒருவரை வாங்காததால் இன்று 0.1 கூடுதல் என்று தெரிந்தால் கை சும்மா இருக்காது. நட்ட விதையை முளைத்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிற மாதிரிதான். இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த விலையேற்றம்தான். யோசிக்க வேண்டியவர்களை அவசரப்படுத்துகிறது. இத்தனைக்கும் விலை ஏறிய ஆளை விற்கும்போது லாபத்தில் பாதிதான் நம் கைக்கு வரும்.

வங்கிக்காரனுக்கு அந்த இரண்டு வாரம் தாங்கவில்லை. வாட்கின்ஸ் மூன்று மேட்சிலும் கோல் அடிக்கவில்லை. அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் இறங்கும் ஜான் துரான், முதல் வாரமும் மூன்றாம் வாரமும் வில்லாவுக்கு வெற்றிக் கோல் போட்டிருந்தார். 9 மில்லியன் கொடுத்தவர் சும்மா இருக்க, பெஞ்சிலிருந்து வருகிறவர் அடிக்கிறார். இன்னொரு பக்கம் பிரைட்டனின் ஜோவா பெட்ரோ 5.5 மில்லியனுக்கு இரண்டு வாரமாகக் கோல் அடிக்கிறார், அடுத்த மேட்ச் சொந்த மைதானத்தில் இப்ஸ்விச்சோடு. எக்செலில் பார்த்தால் விடை ஒன்றுதான். வைல்டுகார்டைப் போட்டு, வாட்கின்ஸை விற்று, மிச்சப் பணத்தில் நடுக்களத்தைப் பலப்படுத்தினான்.

செப்டம்பர் 14. பிரைட்டன்–இப்ஸ்விச் 0–0. அன்றிரவு வில்லா எவர்ட்டனோடு. எவர்ட்டன் மறுபடியும் 2–0 முன்னால் போய், மறுபடியும் 2–3 தோற்றது. வில்லாவின் முதல் இரண்டு கோல்களும் வாட்கின்ஸ் அடித்தவை. மூன்றாவது துரான், தூரத்திலிருந்து.

வங்கிக்காரனைப் பற்றி நான் சொல்ல வருவது அவன் துரதிர்ஷ்டத்தை இல்லை. அவன் விற்றதற்குச் சொன்ன காரணம் மூன்று வாரக் கோல் கணக்கு. வாட்கின்ஸ் ஒவ்வொரு மேட்சிலும் கோல் வாய்ப்புகளின் நடுவே நின்றுகொண்டிருந்தார் என்பதற்கு அவன் எக்செலிலேயே ஒரு பத்தி வைத்திருந்தான். ராயாவின் அந்தத் தடுப்பு நடக்கவில்லையென்றால் விற்றிருக்கவே மாட்டான். அதாவது ஒரு கோல்கீப்பரின் கை ஒரு வாரம் எதிர்ப்பக்கம் திரும்பியதற்காக 38 வாரத்துக்கு வைத்த திட்டத்தை மாற்றினான். இதை அவனிடமே சொன்னேன். "ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரெண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியலடா" என்றான். நேர்மையான பதில்.

அதே சனிக்கிழமை லிவர்பூல் தன் மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0–1 தோற்றது. 1969-க்குப் பிறகு ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்டுக்குக் கிடைத்த முதல் லீக் வெற்றி. சிங்கப்பூர்க்காரன் அந்த வாரம் கேப்டனாக்கியது சலாவை. ஹாலந்து பிரென்ட்ஃபர்டுக்கு எதிராக இரண்டு கோல். நான்கு வாரத்தில் ஒன்பது கோல். இதற்கு மேல் அவனுக்கு அறிவுரை சொல்லவே எங்களுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாட்டனம் மைதானத்தில் கார்னரிலிருந்து கேப்ரியல் தலையால் முட்டி ஆர்சனல் 1–0. தடுப்பாட்டக்காரர் கோலுக்கு 6, கிளீன் ஷீட்டுக்கு 4. ராயாவின் கிளீன் ஷீட் தனி. ஆகஸ்ட் 31-இல் கரைந்ததெல்லாம் பெங்களூருக்காரனுக்கு வட்டியோடு திரும்பி வந்தது. அவன் எதையும் விற்கவில்லை, விற்கவும் மாட்டான். அவனுடைய பொறுமை கணக்கிலிருந்து வருவதில்லை, பாசத்திலிருந்து வருவது. ஃபேன்டஸி அறிவாளிகள் சொந்த கிளப்மேல் உள்ள பாசத்தை ஒதுக்கச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவன் ஒவ்வொரு ஆர்சனல் மேட்சையும் முழுதாகப் பார்க்கிறான். கார்னரில் கேப்ரியல் எங்கே ஓடுவார், எந்தப் பக்கத்து கார்னரை யார் எடுப்பார் என்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் தெரியும். பாசத்தால் பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

ஐந்தாம் வாரம், செப்டம்பர் 22, சிட்டி–ஆர்சனல். ஒன்பதாவது நிமிடம் ஹாலந்து அடித்தார். சிட்டிக்காக 105 மேட்சில் 100-வது கோல். அந்த சீசனில் ஐந்து மேட்சில் பத்து. அதே மேட்சில் கேப்ரியல் மறுபடியும் தலையால் அடித்தார், டிரோசார்ட் சிவப்பு அட்டை வாங்கினார், ஜான் ஸ்டோன்ஸ் கடைசி மூச்சில் 2–2 ஆக்கினார். கோல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், இருபதாவது நிமிடத்தை ஒட்டி நடந்தது எங்கள் குழுவில் பெரிய விஷயமாகவே ஆகவில்லை. ரொட்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். சிலுவைத் தசைநார் கிழிந்திருந்தது. சிட்டியின் நடுக்களமே அவர்தான்.

ஈரோட்டு டாக்டர் அதைக் கவனித்தாள். முழங்கால் அவள் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதாலோ என்னவோ. "இவன் இனி இந்த வருஷம் வர்றது கஷ்டம். பின்னாடி இருந்து பந்து வராம ஹாலந்து என்ன செய்வான்?" என்று கேட்டாள். நாங்கள் ஹாலந்தின் பத்துக் கோலைக் காட்டினோம்.

அந்த ஆண்டு விதியில் ஒரு மாற்றம் வந்திருந்தது. முன்பெல்லாம் பயன்படுத்தாத டிரான்ஸ்ஃபரை இரண்டு வரைதான் சேர்க்கலாம். 2024–25-இல் ஐந்து வரை சேர்க்கலாம் என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், பொறுமைக்கு இந்த ஆட்டம் கொடுத்த முதல் உண்மையான சம்பளம் அதுதான். டாக்டர் முதல் ஐந்து வாரமும் ஒரு டிரான்ஸ்ஃபர்கூடச் செய்யவில்லை. டியூட்டியும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. மூன்றாம் வாரம் பிக்ஃபர்ட் மூன்று கோல் வாங்கியபோது விற்கவா என்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும், எவர்ட்டனுக்கு எளிதான மேட்சுகள் பின்னால் வருகின்றன என்றாள். யோசித்துத்தான் விட்டுவைத்திருந்தாள். ஆறாம் வாரம் வந்தபோது அவள் கையில் ஐந்து டிரான்ஸ்ஃபர், வைல்டுகார்டும் அப்படியே. நியூகாசிலின் இசாக்குக்குக் கால்விரல் எலும்பில் அடி, ஃபோடன் பெஞ்சில், இப்படி மாற்ற வேண்டிய காரணங்களும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஐந்தையும் ஒரே மூச்சில் பயன்படுத்தினாள். வாங்கியவர்களில் ஒருவர் பால்மர்.

செப்டம்பர் 28. மாலை ஐந்து மணிக்கு நியூகாசில்–சிட்டி 1–1, ஹாலந்துக்கு ஒன்றுமில்லை. என் கேப்டன் அவர்தான். ஏழரைக்கு செல்சி–பிரைட்டன். பிரைட்டன்தான் முதலில் கோல் போட்டது. பிறகு பால்மர் 21-ஆம் நிமிடம். 28-இல் பெனால்டி. 31-இல் இருபத்தைந்து கஜத்தை ஒட்டிய தூரத்திலிருந்து ஃப்ரீகிக், சுவரைத் தாண்டி மூலையில். 41-இல் நான்காவது. பிரீமியர் லீக் வரலாற்றில் முதல் பாதியிலேயே நான்கு கோல் அடித்த முதல் ஆள். இடைவேளைக்கு முன்பே. கோலுக்கு 20, ஆடியதற்கு 2, போனஸ் 3, ஆக 25.

சிங்கப்பூர்க்காரனின் கேப்டன் பால்மர். 50.

அவன் இடைவேளை வரை ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்கள்தான் எழுதிக்கொண்டிருந்தோம். நான்கு வாரமாக அவனை ஓட்டியவர்கள் எல்லோரும் மாற்றி மாற்றி வாழ்த்தினோம், அதில் பொய் எதுவும் இல்லை. ஹாலந்து இல்லாததால்தான் அவனுக்கு ஒவ்வொரு வாரமும் கேப்டனைத் தேட வேண்டியிருந்தது, அந்தத் தேடல்தான் அவனைப் பால்மரிடம் கொண்டு சேர்த்தது. கடைசியிலிருந்து நடுவுக்கு ஒரே மாலையில் ஏறினான். டாக்டருக்குக் கேப்டன் சலா, வூல்வ்ஸில் பெனால்டி கோல். பால்மரின் 25-ம் சேர, அவள் இரண்டாமிடம். பெங்களூருக்காரன் முதலிடம். நான் மூன்றிலிருந்து ஐந்துக்கு இறங்கினேன். வங்கிக்காரன் எனக்குக் கீழே.

பின்னால் நடந்தது தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு வாரம் இன்னும் சுவையாக இருக்கும். முதல் ஐந்து மேட்சில் பத்துக் கோல் அடித்த ஹாலந்து சீசனை 22-இல் முடித்தார், மிச்சம் முழு ஆண்டுக்கும் பன்னிரண்டுதான். ரொட்ரி இல்லாத சிட்டி நவம்பரில் லீக் மேட்சுகளில் வரிசையாகத் தோற்றது. நான்காம் வாரம் சொந்த மைதானத்தில் ஒன்றும் செய்யாத சலா 29 கோல், 18 அசிஸ்டோடு 344 புள்ளி எடுத்தார். ஃபேன்டஸி பிரீமியர் லீக்கில் ஒரு சீசனில் யாரும் அதுவரை எடுக்காத அளவு, பழைய சாதனையும் அவருடையதுதான், 303. அந்தப் பால்மரோ ஆண்டின் பிற்பாதியில் கோலே கிடைக்காமல் தவித்தார். முதல் வாரம் 6 மில்லியனுக்குக் கிடைத்த ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 20 கோல். ஐவன் டோனி சவுதிக்குப் போனதால் பிரென்ட்ஃபர்டின் பெனால்டிகளை ஏற்றுக்கொண்ட எம்பெயூமோவும் 20. செப்டம்பர் பட்டியலில் இவை எதுவும் எழுதியிருக்கவில்லை. முழங்காலில் மட்டும் எழுதியிருந்தது, அதைப் படித்தவள் ஒருத்திதான்.

அக்டோபரில் லீக் மறுபடி இரண்டு வாரம் நின்றது. இந்த முறை ஹாலந்தை விற்பதா என்ற பேச்சை எடுத்தவன் வங்கிக்காரன். அவன் எக்செலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தான். ஒருவரை விற்க நினைக்கும்போது வாங்கியபோது இருந்த காரணத்தை அதில் எழுத வேண்டும், அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டையும் எழுதி முடித்த பிறகுதான் டிரான்ஸ்ஃபர். ஹாலந்து வரிசையில் "ரொட்ரி பின்னால் இருக்கிறார்" என்று எழுதி, பக்கத்தில் "இல்லை" என்று போட்டிருந்தான். நான் வைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டேன், வூல்வ்ஸ் மேட்சுக்கு அடுத்து சவுதாம்ப்டனோடு சொந்த மைதானத்தில் மேட்ச் வருகிறது என்பது என் காரணம். சிங்கப்பூர்க்காரன் விற்கச் சொன்னான். டாக்டர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, அந்தத் தாளை எல்லோருக்கும் அனுப்பு, எனக்கும் அந்தப் பத்தி வேண்டும் என்றாள். நள்ளிரவு தாண்டியும் பேச்சு ஓயவில்லை. அவன் அனுப்பினான். இப்போது பத்துப் பேரிடமும் அந்தத் தாள் இருக்கிறது.